அது சூடு இல்லை, அக்கா

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய்ப் பதினெட்டு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் உன் நினைவு நாளுக்கு மச்சான் பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறார். நீ சிரிக்கிற அந்த ஒரே படம், கீழே நாலு வரிக் கண்ணீர், அதற்கும் கீழே அவருடைய தேங்காய் மண்டியின் பெயர். நீ எதனால் செத்தாய் என்பது மட்டும் ஒரு வருடமும் அதில் வந்ததில்லை. நானும் அதை டீக்கடையில் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். இந்த வருடம் அப்படிப் போக முடியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி சொல்கிறேன். நீ பார்க்காத உன் பேத்தி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். மெலிந்த பிள்ளை, உன் நெற்றி, உன் முன்பல் இரண்டு.

செம்பட்டியில் பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ் பிரிகிற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு பேனர் வைத்தார்கள். பிள்ளையின் தலையில் கிரீடம், பின்னால் ஏதோ ஒரு நாட்டு அருவி, பூப்புனித நன்னீராட்டு விழா என்று தங்க எழுத்து. ஓரத்தில் கட்சிக்காரர்கள் வரிசையாகக் கும்பிட்டபடி. அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். இளநீர் சீவுகிறவன் பக்கத்தில் நின்றவனிடம் அவளைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான்.

எனக்கு அருவருப்பாக இருந்தது, அக்கா. ஒரு குழந்தைக்கு ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது என்பதுதானே அந்த பேனர் சொல்லும் செய்தி? அதை நாலு ரோட்டுக்கும் சொல்ல இவர்களுக்குக் கூச்சமில்லை. அதே ரத்தம் ஒரு பெண்ணுக்கு நிற்காமல் போகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு டாக்டரிடம் சொல்லத்தான் நாக்கு எழாது.

உன்னைக் கொன்றது அந்த நாக்குதான்.

உன் மகளுக்குச் சடங்கு வைத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். தாய்மாமன் என்று நான் மேளத்தோடு சீர்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தேன். நீ வாசலில் நின்றாய். அரக்குப் பட்டு. தலையில் கொள்ளாத அளவுக்கு மல்லிகை. உன் நாத்தனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சடங்கு மகளுக்கா ஆத்தாளுக்கா? புதுப்பொண்ணு கணக்கா அம்புட்டுப் பூவ வச்சிக்கிட்டு நிக்கிறா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தப் பூ எதற்கென்று உனக்கு மட்டும்தான் தெரியும். உன் உடம்பிலிருந்து வந்த வாடையை நிலக்கோட்டை மல்லிகையால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறாய். பட்டு ஏன் அரக்கு நிறம் என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"செத்த நேரம் உக்காரேன்க்கா" என்றேன். "ஒனக்கு மால போட்டு அனுப்பிட்டு உக்காந்துக்கிறேன்டா" என்றாய். அன்று முழுவதும் நீ உட்காரவில்லை.

தீட்டுப்பட்டவள் ஆலாத்தி எடுக்கக் கூடாது. தெரிந்தால் உன் மகளுக்கு நீ மஞ்சள் தண்ணீர் ஊற்ற முடியாது, உன் நாத்தனார் ஊற்றுவாள். அதனால் மாதக்கணக்கில் நின்றும் வந்தும் போய்க்கொண்டிருந்த ரத்தத்தை ஒருவருக்கும் காட்டாமல், பழைய சேலைத் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, நல்ல நாளில் எல்லாம் நின்றிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உனக்கே தோன்றியபோதும் "விசேசம் முடியட்டும்" என்றாயாம். உன் மகள் சொன்னாள்.

விசேஷம் முடிந்து வீட்டுக்கு அரைகுறையாகத் தெரிந்த பிறகும் போகவில்லையே, ஏன்? ஏனென்றால் அதற்குள் வீடு அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. சூடு. வெள்ளைப்பட்டால் சூடு, இடுப்பு வலித்தால் சூடு, புருஷனோடு படுத்த மறுநாள் ரத்தம் கசிந்தால் அதுவும் சூடு. நம் ஊரில் பெண்ணின் இடுப்புக்குக் கீழே நடக்கிற எதற்கும் வேறு பெயர் கிடையாது. வெறும் வயிற்றில் வெந்தயம், ஊறவைத்த சப்ஜா விதை, இளநீர், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். உன் நாத்தனார் தன் கையாலேயே மோரைக் கலக்கிக் கொடுத்தாள். கொடுத்தவள் கெட்டவள் இல்லை என்று நீ சொல்வாய். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது.

கடைசியில் நீ மயங்கி விழுந்த பிறகுதான் மச்சான் உன்னைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனார். உன் மகளும் கூட வந்திருக்கிறாள். அந்த அறையில் நடந்ததை அவள் எனக்குப் பலமுறை சொல்லிவிட்டாள். டாக்டர் உன்னைப் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்றார். மச்சான், "வயித்து வலிங்க சார், உடம்பு சூடு" என்றார். "ரத்தப்போக்கு ஏதும் இருக்காம்மா?" என்று டாக்டர் மறுபடி உன்னைத்தான் கேட்டார். மச்சான், "அதெல்லாம் ஒழுங்கா இருக்குங்க சார்" என்றார். நீ உன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். டாக்டரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே கூட்டம். அல்சர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உன் உடம்பைப் பற்றிய கேள்விக்கு மச்சான் பதில் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும், அக்கா? எந்த மாதம் எத்தனை நாள் என்று அவர் பார்த்தாரா? வீட்டுக்குத் தூரமாக நீ ஒதுங்கிப் படுத்த ராத்திரிகளில் உன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், டாக்டர் முன்னால் உனக்கு வாயாக இருந்தார்.

மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மச்சான் என் தோளில் கையைப் போட்டு, "மாப்ளே, வெளிய அல்சருன்னே சொல்லிக்கிருவம். பொட்டப் பிள்ள வச்சிருக்கேன்" என்றார். நீ உள்ளே உயிரோடு இருந்தாய். அவர் அதற்குள் ஊருக்கு என்ன சொல்வது என்று யோசித்துவிட்டார். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். அதோடு அந்த வீட்டில் கை நனைப்பதையும் விட்டேன். உன் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்து, தாய்மாமன் மாலையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். பிடிவாதக்காரன் என்று பெயர். இருக்கட்டும்.

நீ படுத்துக் கிடந்த நாட்களில் நான் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அது ஒரு கிருமியால் வருவது. உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து, தெரியாமலே போய்விடுவது. அதனால் மச்சான் மேல் அந்தப் பழியை நான் போடவில்லை, போடுவதற்கு வேறு இருக்கிறது. சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கி, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் புற்றாகிறது. வருடக்கணக்கில், அக்கா. அத்தனை வருடம் அவகாசம் கொடுத்து, வாசலில் காத்திருக்கிற நோய். பெண்களுக்கு ஒழுங்காகப் பரிசோதனை செய்கிற நாடுகளில் இதை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். நாம் அந்த வருடங்களில் வெந்தயம் ஊறப்போட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பின் என் வகுப்பில் இனப்பெருக்க நலன் பாடத்தை நான் ஒரு வரி விடாமல் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற பாடம்தான். மற்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று புரட்டிவிடுவார்கள். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "எதுக்கு சார் வம்பு, அந்தக் கேள்விய சாய்ஸ்ல விட்டுறச் சொல்லுங்க" என்றார். நான் விடவில்லை. பெண் பிள்ளைகளிடம் ஆபாசம் பேசுகிறேன் என்று கையெழுத்தில்லாத மனு போனது. யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். மனு கொடுத்தவர்களில் ஒருவரின் செல்போனில் என்னென்ன படம் இருந்தது என்பது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும். எனக்குக் கொடைரோடு பக்கம் மாற்றல் வந்தது. அந்த ஆளுக்கு நல்லாசிரியர் என்று சால்வை போர்த்தினார்கள். இதையெல்லாம் மறந்துவிடு என்கிறார்கள். எதற்கு மறக்க வேண்டும்?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

உன் பேத்தி சடங்குக்கு உன் மகள் தாம்பூலத் தட்டோடு என் வீட்டுக்கே வந்தாள். உன் நாத்தனார் மகனுக்குத்தானே அவளைக் கட்டிக் கொடுத்தார்கள், சித்தையன்கோட்டையில் இருக்கிறாள். நான் வரவில்லை என்று சொல்லத் தொடங்கியபோதே, "எனக்குக் கூடப் பொறந்தவன் இருக்கானா மாமா? நீங்க வராம எம்மகளுக்கு யாரு மால போடுறது? எங்கம்மாவ நெனச்சுக்கிட்டு வாங்க" என்றாள். உன் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? போனேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவளைத்தான் தேடினேன். அரக்குப் பட்டில் நின்றாள். போட்டோக்காரன், "அக்கா, பாப்பா பக்கத்துல ஒக்காருங்க" என்று இரண்டு முறை சொன்னான். "நிக்கிறேன், எடுங்க" என்றாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் போனேன். தலை நிறைய மல்லிகை.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, அக்கா. அவளை மண்டபத்துக்குப் பின்னால், பிரியாணி தேக்சாக்கள் இறக்கி வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். தம் போட்டுக்கொண்டிருந்த சமையல்கார பாய் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க பேசுங்க ஸாப், நான் அந்தாண்ட நிக்கிறேன்" என்று கரண்டியோடு நகர்ந்து போனார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

அவள் எது என்று கேட்கவில்லை. "ஏழெட்டு மாசமா. இடையிடையில வருது. சூடுதான் மாமா. விசேசம் முடியட்டும்."

உன் வார்த்தை. ஓர் எழுத்து மாறவில்லை. நீ செத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறாள். நான் அவளைக் கை நீட்டி அடித்திருப்பேன். "ஒங்க ஆத்தாளும் சூடுதான்னு சொன்னா" என்றேன். "தெரியும் மாமா. அதனாலதான் பயமா இருக்கு. போனா அதான்னு சொல்லிருவாக" என்றாள்.

அதற்குள் உன் நாத்தனார் வந்துவிட்டாள். "என்ன கொழுந்தனாரே, மாமனும் மருமகளும் அடுப்படியில என்ன ரகசியம்? பிரியாணிய ருசி பாக்க வந்தீகளா? எங்க வீட்டுச் சோறுதான் ஒங்களுக்கு ஆகாதே."

"மதினி, இவளுக்கு எத்தன நாளா வெந்தயம் குடுக்குறீக?" என்று கேட்டேன்.

அவள் முகம் ஒரு நொடி செத்துப்போனது. பிறகு சமாளித்துக்கொண்டு, "பொம்பளைக விசயம் ஆம்பள ஒங்களுக்கு எதுக்கு? வாத்தியாருக்கு எங்க போனாலும் அதே பாடந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையில் மைக் இருந்தது. யார் யார் என்ன சீர் செய்தார்கள் என்று ஒருவன் அதில் வாசித்துக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கி, இந்த வீட்டில் ஒருத்தியைக் கொன்றீர்கள், அடுத்தவளையும் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று கத்திவிட வேண்டும் என்று கிளம்பினேன். மச்சான் முன்வரிசையில் கட்சிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். உன் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவீக. நான் இந்த ஊர்லதான மாமா இருக்கணும்?"

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வர்றியா?"

"திங்கக்கெழம வாரேன். ஆனா வெளிய தெரியக் கூடாது."

திங்கட்கிழமை திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வந்தாள். பெண்கள் பகுதியில் துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். நர்ஸ் கேட்டதும் இவள், "உடம்பு சூடுங்க" என்று தொடங்கினாள்.

"சூடா? உள்ள அடுப்பா வச்சிருக்க?" என்றாள் அந்த நர்ஸ். "எங்கிட்டயே கூச்சப்பட்டா நான் யார்ட்டப் போயி கேக்குறது? ரத்தம் எப்பப்ப வருது, அதச் சொல்லு."

நர்ஸ் அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு உன் மகள் சொன்னாள். மாத விலக்குக்கு இடையில் வருவது, புருஷனோடு இருந்தால் மறுநாள் வருவது, வாடை அடிப்பது, எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னாள். நீ சொல்லாமல் போனதை எல்லாம் அவள் சொல்வது போல எனக்கு இருந்தது. நான் அங்கே நின்று கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டேன்.

பரிசோதனை செய்தார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். அந்த நோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், உடனே செய்ய வேண்டும் என்று மதுரையில் சொன்னார்கள். உயிர் கையில் கிடைத்துவிட்டது என்று நான் சித்தையன்கோட்டைக்கு ஓடினேன். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு பஞ்சாயத்து.

உன் நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "அதையும் எடுத்துட்டா அப்புறம் அவ என்ன பொம்பள? ஒத்தப் பொட்டப் பிள்ளையோட எங்க வம்சம் நிக்கணுமா? ஒரு ஆம்பளப் பிள்ளையப் பெத்துப்புட்டு ஆபரேசன் பண்ணட்டும்."

"அதுக்குள்ள இவ செத்துப்போனா?" என்றேன்.

"செத்துப்போனா…" என்று இழுத்து, மகனைப் பார்த்தாள். அவனுக்கு வேறு பெண்ணா கிடைக்காது என்பதை அந்தப் பார்வையிலேயே சொல்லிவிட்டாள். உன் மகள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், அக்கா. இவளுக்கு முன்னால் வைத்துத்தான்.

உன் மருமகன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏத்தா, வாய மூடு. எனக்கு ஆம்பளப் பிள்ள வேணாம், இவ இருந்தாப் போதும்" என்றான். இதற்காக அவனை எல்லோரும் தங்கமான பையன் என்கிறார்கள். பெண்டாட்டி சாக வேண்டாம் என்று ஒருவன் சொன்னதற்கு நாம் கும்பிட வேண்டியிருக்கிறது. ஏழெட்டு மாதமாக அவளோடு படுத்தவன் அவன்தானே, மறுநாள் அவள் துணி மாற்றியதை அவன் பார்த்திருப்பானே என்று கேட்க நினைத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். கேட்கவில்லை.

மச்சான் தொண்டையைச் செருமினார். "சரி மாப்ளே, ஆபரேசன் பண்ணிருவோம். ஊருக்குக் குடல்வால்னு சொல்லிக்கிருவோம்."

அப்போதுதான் உன் மகள் நிமிர்ந்தாள். "எங்கம்மாவுக்கு அல்சர்னு சொன்னீக. எனக்குக் குடல்வால். எம்மகளுக்கு என்னன்னு சொல்றதா இருக்கீகப்பா?"

மச்சான் எழுந்து செருப்பைத் தேடினார்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. தேறி வருகிறாள். கஞ்சி குடிக்கிறாள், கோபப்படுகிறாள், உப்பில்லை என்று தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தள்ளி வைக்கிறாள். மருமகன் பெண்கள் வார்டு வாசலில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராவும் பகலும் உட்கார்ந்திருந்தான். உன் நாத்தனார் ஒருநாள் ஆட்டுக்கால் சூப்பு கொண்டு வந்தாள். "ஒடம்பத் தேத்திக்க ஆத்தா" என்றாள். இவள் வாங்கிக் குடித்தாள். என்னால் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் குடல்வால் என்றே சொல்கிறார்கள். வருகிற பெண்களில் இருவர், "எனக்கும் இங்கதான்த்தா வலி" என்று அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்களாம். அவர்களுக்கும் வெந்தயம்தான் கிடைத்திருக்கும். இந்தப் பொய் இவர்கள் மானத்தை மட்டுமா காப்பாற்றுகிறது? அடுத்த வீட்டுக்காரியின் நோயையும் சேர்த்துப் பத்திரமாகக் காப்பாற்றுகிறது.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ விரும்பிப் படிப்பாயே, அந்த வார இதழுக்கு அனுப்பப் போகிறேன். எல்லாப் பெயர்களையும் போட்டு எழுதினேன். மச்சான் பெயர், மண்டி பெயர், உன் நாத்தனார் பெயர், அல்சர் மாத்திரை எழுதிய டாக்டர் பெயர், கடைசியில் என் பெயரும் பட்டமும் பள்ளியும். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. பதினெட்டு வருடம் அடக்கி வைத்ததை அவர்கள் முகத்தில் துப்பியது போல இருந்தது. அனுப்புவதற்கு முன் உன் மகளிடம் காட்டினேன்.

படுக்கையில் சாய்ந்தபடி இரண்டு முறை படித்தாள். உன்னைப் பற்றிய இடத்தில் மட்டும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நெசந்தான் மாமா. அனுப்புங்க. பேர மட்டும் எடுத்துருங்க."

"ஏன், பயமா?"

"ஆமா, பயந்தான். பாப்பாவுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும். ஆத்தா வழியில நோவு இருக்குன்னு சொல்லுவாக. ஒங்களுக்குக் கோவம் தீரணும். எனக்கு அந்த வீட்டுல சோறு பொங்கணும்."

"சரி, என் பேரு மட்டும் இருக்கட்டும். நான் யாருக்கும் பயப்படல."

"ஒங்க பேரு இருந்தா அது எம்பேருதான மாமா? ஒங்களுக்கு எத்தன அக்கா மக இருக்கோம்?"

அவளோடு சண்டை போட்டேன். கையெழுத்தில்லாத கடிதம் மொட்டைக் கடிதம், அது கோழைகள் எழுதுவது, என் மேல் மனு போட்டவர்கள் அப்படித்தான் போட்டார்கள் என்றேன். அவள், "சரி, கோழைன்னே இருந்துட்டுப் போங்க, எனக்காக" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உன் பிடிவாதம்தான்.

எனக்கு இதிலும் அருவருப்புதான், அக்கா. ஆரோக்கியமாக இருக்கிற ஒரு பிள்ளைக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்து, பிழைத்து வந்த ஒருத்தி ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே. ஆனால் அந்த பயம் அவளுடையது. அதைக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. டாக்டர் அறையில் மச்சான் உனக்காகப் பேசினார். நான் அவள் சம்மதம் இல்லாமல் ஊர் முன்னால் அவளுக்காகப் பேசினால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாப் பெயர்களையும் அடித்துவிட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்கிற இரண்டொரு விவரங்களையும் மாற்றிவிட்டேன். மச்சான் பெயரை அடிக்கும்போதுதான் கை வரவில்லை. அந்தப் பெயரை அச்சில் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்தேனோ என்னவோ. அதையும் அடித்துவிட்டேன். செம்பட்டியில் தேங்காய் மண்டி ஒன்றா இரண்டா, அவரவர் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, இடையில் ஒரு வரி உங்களுக்கு. மாத விலக்கு அல்லாத நாளில் ரத்தம் வந்தால், உறவுக்குப் பின் கசிந்தால், வாடையோடு வெள்ளைப்பட்டால், அது சூடு இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் முப்பது வயது தாண்டியவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை. கேட்கிற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். கூட வந்த ஆம்பளையை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

அக்கா, அந்தக் கிருமிக்கு இப்போது தடுப்பூசி வந்துவிட்டது. உன் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்குத்தான் போட வேண்டும். கன்னிப் பிள்ளைக்கு எதற்கு அந்த ஊசி, ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உன் நாத்தனார் இப்போதே தொடங்கிவிட்டாள். உன் மகள் சரி என்று சொல்லிவிட்டாள், மருமகனும் தலையாட்டிவிட்டான். அடுத்த வாரம் நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. எதற்கு இந்த ஊசி என்று அவள் கேட்டால், அவள் அம்மாவை வைத்துக்கொண்டு, உனக்கு வந்தது என்ன நோய் என்பதை அதன் பெயரோடு சொல்வேன்.

மச்சானை நான் மன்னிக்கவில்லை. அதை மட்டும் நீ என்னிடம் கேட்காதே.

உறையில் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன், பெயர் போடாமல்.

உன் தம்பி